சாப்பாட்டு நேரத்தில் வந்த போன்

நம் வீட்டில் கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் தட்டைப் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பரீட்சையில் மார்க் குறைந்தாலும் சரி, சைக்கிளை எங்கேயோ விட்டுவிட்டு வந்தாலும் சரி. "சாப்ட்டு முடிச்சதும் சொல்றேனேப்பா" என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறீர்கள். நான் விட்டதில்லை. மற்ற வீடுகளில் இது தலைகீழ். சாப்பிடுகிறவர்களிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். எழுந்து கை கழுவிய பிறகுதான் மெதுவாக ஆரம்பிப்பார்கள். நம் வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று பெரியவள் ஒரு நாள் கேட்டாள். அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்த்தால் வரும் என்று தோன்றுகிறது.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது நான் குருசுக்குப்பத்தில் ஒரு மாடியில் வேலை பார்த்தேன். கீழே மீன் பிடிக்கிறவர்கள் வீடு. வாசலில் எப்போதும் வலை கிடக்கும். மேலே இரண்டு அறை, தடித்தடியான மானிட்டர் வைத்த சில கம்ப்யூட்டர்கள். சன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசம் வரும், மூடினால் வெந்து போவோம். அதுதான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி.

நான் படித்தது பிளஸ் டூ. அதற்கு மேலே டைப்ரைட்டிங் ஹையர். முதலில் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்தேன். ஆள் வராமல் அதை மூடிவிட்டார்கள். பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கடையும் போயிற்று. இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், "வேல போயிடுச்சு" என்று சொன்னேன். இரண்டு தடவையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை அப்படி வந்து நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தேன். எனக்கு நாலாவதாக ஒரு வேலையை எவன் கொடுப்பான்? அந்த மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் இந்த நினைப்புதான்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். பிரான்சில் ஒரு சின்ன ஊர். அங்கே தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு வேனில் வீடு வீடாகப் போய் மதியச் சாப்பாடு கொடுக்கிற நிறுவனம். யார் வீட்டுக்கு எந்த வேன், யாருக்கு உப்பில்லாமல், யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று தினமும் காலையில் டிரைவர்களுக்குப் பட்டியல் அடித்துக் கொடுக்கும் புரோகிராம் எங்களுடையது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் அதை எழுதினார்கள். இரண்டு பேரும் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்தவர்கள், என்னை அண்ணே என்று கூப்பிடுவார்கள். எழுதியதைத் தட்டிப் பார்த்து, சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது என் வேலை. டெஸ்டர் என்று பெயர். முதலாளியை நாங்கள் சார் என்போம்.

அவ்வளவு தூரத்தில் இருந்து அவர்கள் எங்களைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் பிரெஞ்சு பேச ஆள் கிடைக்கும் என்பதுதான். அதற்காகவே சார் ஓர் அம்மாளை வைத்திருந்தார். பிரெஞ்சு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மதாம் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவருடைய வீட்டுக்காரர் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்தவர். மதாம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிரான்சில் ஆபீஸ் திறக்கிற நேரம் நமக்குச் சாப்பாட்டு நேரம். நாங்கள் தரையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கும்போதுதான் உள்ளறையில் போன் அடிக்கும், அந்த நிறுவனத்தின் மேனேஜர் பேசுவார். மதாம் எழுந்து போய்க் கதவைச் சாத்திக் கொண்டு பேசுவார். வெகு நேரம் "வுய் முசியே, வுய் முசியே" என்று மட்டும் கேட்கும். ஆமாங்க ஐயா, ஆமாங்க ஐயா என்று அர்த்தம். வெளியே வந்ததும் நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம்.

"இன்னா மதாம், இன்னா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா. ஒண்ணு ரெண்டு பேரு லிஸ்ட்ல விட்டுப்போவுதாம். நேரம் கெடைச்சா பாக்கச் சொன்னாரு. நீங்க சாப்டுங்க."

நாங்கள் சாப்பிடுவோம். பையன் அன்று சாயங்காலமே அதைச் சரி செய்வான். அவன் திருத்திய இடத்தை மட்டும் நான் தட்டிப் பார்ப்பேன். "இத மட்டும் பாருண்ணே, மத்ததெல்லாம் ஏற்கெனவே ஓடுனதுதான்" என்பான். ஓடும். அனுப்பிவிடுவோம். சில வாரம் கழித்து அதே பிழை திரும்ப வரும். பேய் மாதிரி வருகிறது என்று சிரிப்போம். சிரித்தோம் என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

மதாமுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாள் வரவில்லை. அப்போது ஒரு மதியம் போன் அடித்தது. சார் வெளியே போயிருந்தார். எழுதுகிற பெண் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். "நான் எடுத்துப் பாக்குறேன், மெதுவா பேசச் சொன்னா புரியும்" என்று எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. போனின் வாயைக் கையால் மூடிக் கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"கத்துறாருண்ணே. ஒரு பாட்டிக்கு ரெண்டு நாளா சாப்பாடு போகலையாம். டிரைவரோட லிஸ்ட்ல அவங்க பேரே இல்லையாம். பக்கத்து வூட்டுக்காரங்க போய்ப் பாத்தா, படுத்த படுக்கையா கெடந்தாங்களாம்."

"அது போன மாசமே சரி பண்ணியாச்சே!" என்றான் பையன், வாயில் சோற்றோடு.

"அதத்தான் அவரும் கேக்குறாரு. சரி பண்ணிட்டோம்னீங்க, திரும்ப வந்துச்சு. மறுபடியும் சரி பண்ணிட்டோம்னீங்க, மறுபடியும் வந்துச்சு. பொய் சொல்றவங்களோட எப்படி வேல செய்யறதுன்றாரு." அவள் போனை மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். "இதெல்லாம் மதாம்கிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னேனே, அவங்க உங்ககிட்ட சொல்லவே இல்லையான்னு கேக்குறாரு. நான் இன்னாண்ணே சொல்றது?"

என் கையில் பிசைந்த தயிர் சோறு. அங்கே ஒரு கிழவி இரண்டு நாள் பட்டினி, எங்கள் கணக்கில் "ஒண்ணு ரெண்டு பேரு." போனில் அவர் கடைசியாகச் சொன்னதையும் அந்தப் பெண் சொன்னாள். அடுத்து நாங்கள் அனுப்புவதில் ஒரே ஓர் ஆள் விட்டுப் போனாலும் ஒப்பந்தம் முடிந்தது. டப்பாவை மூடினேன். உங்கள் அம்மா முகம்தான் முன்னால் வந்தது.

மதாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொண்டு திரும்பி வந்தார். சார் அவரை உட்கார வைத்துக் கேட்டார். அந்த மேனேஜர் கத்தியதை எல்லாம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றார்.

"எங்க வூட்ல சாப்புடுறவங்ககிட்ட கெட்டத சொல்ல மாட்டோம்ப்பா" என்றார் மதாம். "அந்த மனுஷன் போன் பண்றதே நீங்க சோத்து முன்னாடி குந்தியிருக்கிற நேரம். அப்புறமா சொல்லலாம்னு இருப்பேன். அப்புறம் வந்து பாத்தா நீங்க சிரிச்சிகினு வேல பாத்துகினு இருப்பீங்க. எப்படி சொல்றது?"

"அவரு சொன்னதுல பாதிகூட எங்களுக்கு வரல மதாம்" என்றான் பையன்.

"ஆமாப்பா. பாதிய நான் முழுங்கிட்டேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. எங்களுக்கும் அந்தப் பாதி பிடித்துத்தான் இருந்தது. இன்னும் ஏதாவது சொன்னாரா என்று எங்களில் ஒருத்தர் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

பிழை ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதை எனக்குத் தெரிந்த பத்திரிகை வேலையை வைத்துச் சொல்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டு பேர் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் தேதியைத் திருத்துகிறார். இன்னொருவர் மண்டபத்தின் பேரைத் திருத்துகிறார். யாருடையது கடைசியில் அச்சுக்குப் போகிறதோ அதில் மற்றவருடைய திருத்தம் இருக்காது. இங்கேயும் அப்படித்தான். பையனிடம் ஒரு பிரதி, பெண்ணிடம் ஒரு பிரதி. பென் டிரைவில் போட்டு மாற்றிக் கொள்வார்கள். அவன் சரி செய்ததை இவள் அனுப்பிய பழைய பிரதி அழித்துவிடும். அவனும் பொய் சொல்லவில்லை, இவளும் பொய் சொல்லவில்லை. பட்டினி கிடந்தவளுக்கு அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்புறம்தான் ஒழுங்குக்கு வந்தோம். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு மூலப் பிரதி. யார் திருத்தினாலும் அங்கிருந்து எடுத்து அங்கேயே வைக்க வேண்டும். யார், எதை, எதற்காக மாற்றினார் என்று அந்த இடத்திலேயே பதிவாகும். எழுதியவரே சரி என்று சொல்லிக் கொள்ளக் கூடாது, இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் புதிதாகத் திருத்தியதை மட்டுமல்ல, முதலிலிருந்து எல்லாவற்றையும் நான் தட்டிப் பார்க்க வேண்டும். மதாம், போனில் கேட்டதைக் கேட்டபடியே சொல்ல வேண்டும், நாங்கள் வாயில் சோறு வைத்திருந்தாலும்.

சார் முதலில் ஒத்துக் கொள்ளவில்லை. "வெள்ளிக்கெழம அனுப்பணும்னு தேதி குடுத்தாச்சு. இப்பப் போயி பள்ளிக்கூடம் மாதிரி சட்டம் போட்டுகினு கெடந்தா எப்ப முடியறது?" என்றார். பெண்தான் பதில் சொன்னாள். "இத்தன நாளு வேகமாத்தானே சார் அனுப்புனோம்." அதன் பிறகுதான் சார் ஒத்துக் கொண்டார்.

சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டுமே. முன்பெல்லாம் ஏ, பி, சி என்று போட்டு ஓட்டுவேன். இந்தத் தடவை தவளக்குப்பத்தில் நம் தெருவில் இருக்கிற வயதானவர்களை எல்லாம் அந்தப் பிரான்ஸ் ஊரில் குடியேற்றினேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு உப்பில்லாத சாப்பாடு. முறுக்கு சுடுகிற அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாமல். உங்களுக்குப் புளிப்பு மிட்டாய் வாங்கித் தருகிற எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் பல் இல்லை, எல்லாம் குழைவாக. பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, உங்க தெருவே பிரான்சுக்குப் போயிடுச்சா? விசா யாரு எடுத்தது?" என்றான். வெகு நாள் கழித்து அன்றுதான் அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன். ஒவ்வொருவராகப் பட்டியலில் வந்தார்கள். கடைசியில், ஒருவர் வீடு மாறினால் என்ன ஆகிறது என்று பார்க்க, எதிர்வீட்டுத் தாத்தாவை வேறு தெருவுக்கு மாற்றினேன். பட்டியலை அடித்தேன். பழைய தெருவில் அவர் இல்லை. புதுத் தெருவிலும் இல்லை. திரும்ப அடித்தேன். இல்லை. அதே பழைய பிழை, வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருந்தது. இன்றைக்கு அனுப்பாவிட்டால் தேதி போகும். அனுப்பினால் அங்கே யாரோ வீடு மாறுவார்கள், அவருக்குச் சோறு போகாது, அதோடு எங்கள் கதையும் முடியும்.

"எவனாவது இந்த வாரம் வூடு மாறுவானா? அனுப்பிட்டு திங்கக்கெழம சத்தமில்லாம சரி பண்ணிடலாம்" என்றார் சார். அவர் கெட்டவர் இல்லை. பயந்து போயிருந்தார். எனக்கும் ஒரு நிமிஷம் அது சரி என்றுதான் பட்டது.

"எங்க எதிர்த்த வூட்டுத் தாத்தாவுக்குச் சோறு இல்ல சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுதான் வாயில் வந்தது.

மதாம் எழுந்தார். "நான் பேசுறேன். ஆனா இந்தத் தடவ கதவச் சாத்த மாட்டேன்."

ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் டப்பாவைத் திறக்காமல் சுற்றி நின்றோம். இன்றைக்கு அனுப்ப முடியாது, வீடு மாறுகிறவர்கள் விட்டுப் போகிறார்கள், இன்றைக்குக் காலையில் நாங்களே கண்டுபிடித்தோம் என்று மதாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி, "நான் இன்னா சொன்னேன்னு கேட்டுக்குங்க" என்று அதையே தமிழிலும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"நீங்களேவா கண்டுபிடிச்சீங்கன்னு கேக்குறாரு" என்றார் மதாம். "ஆமான்னு சொல்லிட்டேன். திங்கக்கெழம வரைக்கும் நேரம் தராராம்."

சனி, ஞாயிறு வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக் கொண்டு போவதாகச் சொல்லியிருந்தேன், முடியவில்லை. சின்னவன் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை அனுப்பினோம். தாத்தாவை எத்தனை தெரு மாற்றினாலும் பட்டியலில் இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பிழை வரவே இல்லை. வேறு சின்னச் சின்னப் பிழைகள் வந்தன. பெரும்பாலும் நாங்கள்தான் முதலில் சொன்னோம். போன் அடித்தாலும் நாங்கள் சாப்பிட்டுக் கொண்டே இருந்தோம். மதாம் சீக்கிரம் பேசி முடித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட ஆரம்பித்தார். இனிமேல் பயமில்லை என்று நான் நம்பினேன். உங்கள் அம்மாவிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மழை விட்டிருந்த டிசம்பர் மாதம். உங்களுக்கு அரைப் பரீட்சை லீவு. போன் வந்தது, வழக்கமான நேரம்தான். மதாம் ஸ்பீக்கரில் போட்டார். அந்த மனிதர் அன்று கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மதாம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக் கொண்டே வந்தார்.

"இப்ப நீங்க செய்யற வேல ரொம்ப நல்லா இருக்குதாம். டிரைவருங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்களாம். ஆனா..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கெட்ட மாசங்கள்லயே அவரோட மேலதிகாரிங்க அங்கயே வேற ஒரு கம்பெனியப் பாத்து கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். இன்னிக்குத்தான் இவருக்கே சொன்னாங்களாம். புது வருஷத்துலேர்ந்து அவங்கதானாம்."

பையன் திறந்த டப்பாவை மூடினான்.

"நம்ம சைடுலேர்ந்து ஆரம்பத்துலேயே இந்த மாதிரி உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா, அவரு மேல இருக்கிறவங்ககிட்ட நமக்காகச் சண்ட போட்டிருப்பாராம்." இந்தப் பாதியை மதாம் முழுங்கவில்லை. முழுதாகச் சொன்னார்.

"அவ்வளவுதானா மதாம்?" என்றார் சார்.

"இன்னும் இருக்கு. டப்பா சத்தம் கேக்குது, இன்னா அதுன்னு கேட்டாரு. சாப்பாட்டு நேரம்னு சொன்னேன். இத்தன நாளும் நமக்கு இது சாப்பாட்டு நேரம்னு அவருக்குத் தெரியாதாம். மன்னிச்சுக்கச் சொன்னாரு."

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வந்தார். நான் இங்கேயே சொல்லுங்கள் சார் என்றேன். மாசக் கடைசி வரைக்கும் வரலாம் என்றார். பையனிடமும் பெண்ணிடமும் அதையேதான் சொன்னார். அவர்கள் சென்னைக்குப் போவார்கள், படித்தவர்கள், பிழைத்துக் கொள்வார்கள். மதாம் படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

திறக்காத டப்பாவோடு கடலூர் ரோட்டில் பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். பொங்கல் முடிந்து சொல்லலாம். ராத்திரி நீங்கள் தூங்கிய பிறகு சொல்லலாம். இல்லை, சின்னதாக ஒரு பிரச்சனை என்று ஆரம்பிக்கலாம். மதாமின் "ஒண்ணுமில்லப்பா" மாதிரியே அந்த வார்த்தை மனதில் வந்ததும் எனக்கு என் மேலேயே பயம் வந்தது.

எதிர்வீட்டுத் தாத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாப்பா, இந்நேரத்துக்கே வந்துட்ட? சாப்டியா?" என்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஆடிவிட்டு வந்து அப்போதுதான் தட்டைப் போட்டிருந்தீர்கள். அம்மா கரண்டியோடு நின்றாள். என்னையும் என் கையில் இருந்த டப்பாவையும் பார்த்தாள்.

"மொதல்ல கைய கழுவிகினு வா. எதுவா இருந்தாலும் சாப்ட்டுட்டுப் பேசிக்கலாம்" என்றாள்.

"இல்ல. இப்பயே கேளு" என்றேன். "வேல போயிடுச்சு. மாசக் கடைசி வரைக்கும்தான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. குழம்பு ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மூன்றாவது தடவையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவள், நீ என்னைப் பார்த்தாய், பிறகு அம்மாவைப் பார்த்தாய். "அப்ப இனிமே வூட்லயே இருப்பியாப்பா?" என்று சின்னவன் கேட்டான், சந்தோஷமாக.

அம்மா எனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த நாலு பேருக்கும் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருந்தது.